தவறான எண்ணுக்குப் போன கதை

நார்வேயின் பெர்கன் நகரில் மழை பெய்தது என்று எழுதுவது வெட்டி வேலை. பெய்யாத நாள்தான் இங்கே செய்தி. ஆனாலும் காதல் கதை என்றால் மழை வேண்டும் என்கிறார்கள்... சரி, பெய்தது. டிராமின் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. உள்ளே எல்லோரும் ஈரக் கோட்டும் மௌனமுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

டிராமில் தெரியாதவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் இந்த ஊர்க்காரர்கள் போய் உட்கார மாட்டார்கள். பேச்சுக் கொடுத்தால் குடித்திருக்கிறானா என்று முகத்தைப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட டிராமில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், திடீரென்று ஒரு சிறுமியின் குரல் கணீரென்று எழுந்தது.

"படகில் தண்ணீர் கணுக்கால் வரை ஏறியிருந்தது. பெரியவன் திரும்பிப் பார்த்தான். தம்பி உட்கார்ந்திருந்த இடத்தில்..."

ஜன்னலோரம் இருந்த நெட்டையான ஒருவன் பதறிப்போய்ப் போனைத் தடவினான். காதில் மாட்டியிருந்த இயர்போன் போனுடனான தொடர்பை இழந்திருந்தது. டிராம் முழுவதும் அவனைப் பார்க்காதது போல் பார்த்தது.

இரண்டு வரிசை பின்னால் ரூனா எழுந்து நின்றுவிட்டாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். இல்வா! ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். இரண்டு வருடமாக வகுப்பில் வாயைத் திறந்து ஒரு வரி படிக்காத இல்வா!

"இந்தக் குரல் உங்க போன்ல எப்படி வந்துச்சு?"

"ஷ்ஷ்... ஒரு நிமிஷம்ங்க. தம்பி என்ன ஆனான்னு தெரியணும்."

"தம்பி கிடக்கட்டும்! அது என் ஸ்டூடண்ட். பதினாலு வயசுப் பொண்ணு. அவ குரல வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்றீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபத்தில் சிவந்த முகம், நெற்றியில் ஒட்டிய ஈர முடி, அதற்குக் கீழே மழைக்கு முந்திய கடல் நிறத்தில் இரண்டு கண்கள்... அந்தக் கண்களில் தனக்கு நல்லது எதுவும் இல்லை என்பது அவனுக்கு உடனே புரிந்தது. இருந்தும் பார்வையை எடுக்க ஒரு விநாடி கூடுதலாக ஆனது.

"அப்ப நீங்கதான் ரூனாவா?" என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இங்கே கொஞ்சம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ரூனா நார்வே மொழி ஆசிரியை. அவள் வகுப்புப் பிள்ளைகள் கையில் பலகைக் கணினியோடு ஒன்றாம் வகுப்புக்கு வந்தவர்கள். விரலால் எதையும் தள்ளத் தெரியும். ஒரே பக்கத்தில் நின்று படிக்கத் தெரியாது. நாவல் கொடுத்துச் சுருக்கம் எழுதச் சொன்னால் ஏ.ஐ. மெஷினிடம் கேட்டு எழுதினார்கள். அத்தனை பேர் சுருக்கமும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு மாதிரி இருந்தது. எனவே ரூனா ஒரு வழி கண்டுபிடித்தாள். சுருக்கம் வேண்டாம், பரீட்சை வேண்டாம். தினம் ஒருவர் முறை வைத்து, வீட்டில் ஒரே நாவலின் அடுத்தடுத்த அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்து, வாய்ஸ் மெசேஜாக அவளுடைய பள்ளிக்கூடப் போனுக்கு அனுப்ப வேண்டும். போனை வைத்தே புத்தகத்துக்கு இழுக்கும் திட்டம்.

நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு மெசேஜும் வரவில்லை.

முதல் வாரம் பொறுத்தாள். பிள்ளைகளோ "அனுப்பிட்டோமே" என்று சாதித்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பொறுமை போய்விட்டது.

"யாராவது ஒருத்தராவது படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"படிச்சோம். நீங்களும் பதில் போட்டீங்களே... 'அப்புறம்?'னு," என்றான் பிர்க் என்ற வாயாடி.

"நக்கலா பண்ற?"

"வேணும்னா என் போன எடுத்துக் காட்டவா?"

போன்கள் எல்லாம் சுவரில் தொங்கும் துணிப் பைகளில் இருந்தன. காலையில் போட்டால் கடைசி மணி வரை எடுக்கக்கூடாது. விதி என்றால் விதி. நெருப்புப் பிடித்தாலும் முதலில் விதியைப் படிக்கும் ஊர் இது.

"போன் அங்கேயே இருக்கட்டும். பொய் சொல்ற பிள்ளைங்களுக்கு நான் பாடம் நடத்த மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தலைமையாசிரியை போடிலிடம் திட்டம் தோற்றது என்றும் சொல்லிவிட்டாள். போடிலுக்கு வேலை சுலபமாகிவிட்டது. படிக்கப் படிக்க நட்சத்திரம் கொடுக்கும் ஒரு செயலியை வாங்க அவர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளைகள் படிக்கவில்லை என்றால் காகிதப் புத்தக வகுப்புக்கு அன்றோடு மூடுவிழா.

இப்போது டிராமுக்கு வருவோம். அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கி, மழைக்கு ஒதுங்க ரொட்டிக் கடைக்குள் நுழைந்தார்கள். ஆளுக்கொரு இலவங்கப்பட்டை பன், காப்பி. அவரவர் காசை அவரவரே கொடுத்தார்கள்.

அவன் பெயர் ஹால்வோர். வடகடலின் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. இரண்டு வாரம் கடல், நாலு வாரம் வீடு. போன மாதம் புது எண் வாங்கினான். அது ஒரு காலத்தில் ரூனாவின் பள்ளிக்கூடத்து எண். பள்ளி அலுவலகத்தில் யாரோ புது போனின் முதுகில் பழைய எண்ணின் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். ரூனா அதைப் பார்த்துப் பலகையில் எழுதிப் போட்டிருந்தாள். தன் எண்ணுக்குத் தானே போன் போட்டுப் பார்ப்பவர் யார்?

"ராங் நம்பர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே! மொத நாளே 'தப்பான நம்பர்'னு அனுப்பினேன். அதுக்கு ஒரு பையன், 'ஹா ஹா ரூனா, நல்ல ஜோக், இந்தாங்க ரெண்டாவது அத்தியாயம்'னு அனுப்பிட்டான்."

பிர்க்! வேறு யாராக இருக்கும்? ரூனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கேக்கக்கூடாதுனுதான் நெனச்சேன்..." ஹால்வோர் பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா அந்த ரெண்டு பசங்களும் அப்பாவத் தேடிப் படக எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. வெளிய அலை. இஞ்சின் வேற ரிப்பேர். எப்படிங்க விடறது? ராத்திரி வீட்டுல தனியா எனக்கு வேற என்ன இருக்கு? அதான் 'அப்புறம்?'னு போட்டேன். மறுநாள் அடுத்தது வந்துடுச்சு."

"ஒரே ஒரு வார்த்தை..."

"அதுக்கு மேல என்ன வேணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் மன்றாடியும் படிக்காத பிள்ளைகள், முகம் தெரியாத ஒருவன் போட்ட ஒற்றை வார்த்தைக்குப் படித்திருக்கிறார்கள். பொறாமையா, சந்தோஷமா? இரண்டும்தான். அவன் சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் குழி விழுவதை எதற்காகக் கவனிக்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் அழிக்கணும். சட்டம். பிள்ளைங்க குரல் வெளியாள்கிட்ட இருக்கக்கூடாது," என்றாள்.

மறுபேச்சுப் பேசாமல் அவள் கண்முன்னாலேயே அழித்தான். ஆனால் இல்வாவின் மெசேஜுக்கு வந்ததும் விரல் நின்றது. "தம்பி?" என்று சின்னப் பையன் மாதிரி கேட்டான்.

அவள் மனம் இளகிவிட்டது. பையிலிருந்து தன்னுடைய பிரதியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். "இந்தாங்க. கடைசி அத்தியாயம்தான் பாக்கி. நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கங்க. என் பரிசு."

அவன் முகத்தில் இருந்த மலர்ச்சி சட்டென்று மறைந்தது. புத்தகத்தைத் தொடக்கூட இல்லை.

"எனக்குப் புத்தகத்துக்கெல்லாம் நேரமில்லைங்க," என்றான். இல்வாவின் குரலையும் அழித்தான். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு மழைக்குள் போய்விட்டான்.

ரூனா மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன திமிர்! யாராவது காதில் ஊற்றினால் கேட்பாராம், கையில் கொடுத்தால் வேண்டாமாம். போகட்டும், யாருக்கு நஷ்டம்... இப்படி அவள் நெஸ்துனில் இருந்த தன் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை நினைத்துக்கொண்டே போனாள். யாருக்கும் நஷ்டமில்லாத ஒருவனைப் பற்றி அவ்வளவு தூரம் நினைப்பானேன் என்று நமக்குத் தோன்றுகிறது. அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் முதல் வேலையாகத் தலைமையாசிரியையிடம் நடந்ததைச் சொன்னாள். முறைப்படி நகராட்சிக்குத் தகவல் போயிற்று, பெற்றோருக்கும் போயிற்று. பெற்றோர் கொதிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். பிர்க்கின் அப்பா மட்டும் போன் செய்தார்.

"என் பையன் புத்தகம் படிச்சானா? நிஜமாவா? சத்தம் போட்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பிறகு வகுப்பில் நின்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "நீங்க பொய் சொல்லல. நான்தான் நம்பல. தப்பு என்னோடது."

"பரவால்ல," என்றார்கள். பதினாலு வயதில் பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். கடைசி அத்தியாயத்தைத் திறக்கச் சொன்னாள். ஒருவரும் திறக்கவில்லை.

"கேக்கறதுக்கு ஆளில்லையே," என்றாள் இல்வா, மேசையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க கேட்டா தப்பு கண்டுபிடிப்பீங்க. எங்க நிறுத்தணும், எங்க மூச்சு விடணும்னு. அவரு கதையக் கேட்டாரு."

ரூனாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறைந்தது சரியாகவும் இருந்தது. அதுதான் வலி.

"அவர வரச் சொல்லுங்களேன்," என்றான் பிர்க்.

அவன் எண் அவளுக்கு மனப்பாடம். தன் எண் என்றல்லவா நினைத்திருந்தாள்! ஆசிரியர் அறையில் கொண்டுவந்த ரொட்டித் துண்டும் பழுப்புச் சீஸும் காய்ந்து போகும் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் பண்ணினால் நாமே இறங்கிப் போன மாதிரி ஆகும்... பண்ணாவிட்டால் பிள்ளைகள்... கடைசியில் பிள்ளைகள் ஜெயித்தார்கள்.

"வெள்ளிக்கிழமையா?" ஹால்வோர் தயங்கினான். "அன்னிக்கு மத்தியானம் ஹெலிகாப்டர். கடலுக்குப் போறேன்."

"வகுப்பு காலையிலதான். முக்கால் மணி நேரம். சும்மா உக்காந்து கேட்டா போதும்."

"கேக்க மட்டும்தானே?"

"கேக்க மட்டும்தான். அன்னிக்கு மாதிரி புத்தகத்த நீட்டி உங்கள பயமுறுத்த மாட்டேன்."

குத்தலாகத்தான் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. "வரேன்," என்று மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை. மழை... சொன்னேனே. ஹால்வோர் கடல் பயணத்துக்கான பெரிய பையோடு வந்து, ஒரு சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தான். பின்வரிசையில் போடில், மடியில் கையைக் கோத்துக்கொண்டு. பிள்ளைகள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவரை வரச் சொல்லுங்கள் என்று கேட்டது அவர்கள்தான். ஆனால் ஆளை நேரில் பார்த்ததும் கூச்சம் வந்துவிட்டது. அதுவும் தலைமையாசிரியை முன்னால்.

"யார் ஆரம்பிக்கறீங்க?" என்றாள் ரூனா.

யாரும் ஆரம்பிக்கவில்லை. போடில் கடிகாரத்தைப் பார்த்தார். இல்வா புத்தகத்தின் மேல் இரண்டு கையையும் வைத்து மூடியே வைத்திருந்தாள்.

"நீங்களே படிங்களேன்," என்றான் பிர்க், ஹால்வோரைப் பார்த்து. குறும்புதான், கெட்ட எண்ணம் இல்லை. "எங்க படிப்ப அவ்வளவு நாள் கேட்டீங்கல்ல. இப்ப உங்க முறை."

ஹால்வோரின் முகம் வெளுத்தது. ரூனா அதைப் பார்த்தாள். ரொட்டிக் கடையில் பார்த்த அதே முகம்! அன்று திமிர் என்று நினைத்தாளே... அது திமிர் இல்லை. பயம். ஐயோ, நான் என்ன காரியம் செய்தேன் என்று அவளுக்கு நெஞ்சு பதறியது.

"வேண்டாம் பிர்க், அவரு கேக்கத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"இருக்கட்டும்ங்க," என்றான் ஹால்வோர்.

வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தான். பிறகு புத்தகத்தை வாங்கினான். விரலை வரியின் கீழே வைத்தான்.

"க... கரை... கரைக்கு அந்... அந்தப்... பக்கம்..."

ஒரு வாக்கியம் முடிய அவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தப் பிள்ளைகள் அதுவரை அறிந்ததில்லை. யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். ஹால்வோர் நிறுத்தினான். ஆனால் புத்தகத்தை மூடவில்லை.

"சிரிங்க, பரவால்ல. ஸ்கூல்லயும் இப்படித்தான் சிரிச்சாங்க. எழுத்து எனக்கு ஒரு எடத்துல நிக்காது. சின்ன வயசுலேருந்து. ஒரு முழுப் புத்தகம் நான் படிச்சதே இல்ல. அதான் உங்க குரல் வந்தப்ப விட மனசு வரல." காது மடல் வரை சிவந்திருந்தான். "தம்பி உயிரோட இருக்கானான்னு தெரியாம இன்னிக்குக் கடலுக்குப் போக என்னால முடியாது. நீங்க படிக்கலேன்னா நான்தான் படிச்சாகணும். மத்தியானம் ஆயிடும்... உக்காந்திருங்க."

மறுபடியும் குனிந்தான். "கரைக்கு அந்தப் பக்கம் ஒரு வெ... வெளி..."

"வெளிச்சம்," என்றாள் இல்வா.

அவள் எழுந்திருக்கவில்லை, கையும் தூக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, அவன் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டாள். முதலில் முணுமுணுப்பாக... அப்புறம் டிராமில் கேட்ட அதே கணீர்க் குரலில். இரண்டு பக்கம் முடிந்ததும் பிர்க் யாரும் கேட்காமலே வாங்கிக்கொண்டான். சிரித்த பையன் மூன்றாவதாகப் படித்தான், மற்றவர்களை விடக் கவனமாக. எங்கே மூச்சு விட வேண்டும் என்று ரூனா ஒரு முறைகூடச் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்கினாள், கஷ்டமாகத்தான் இருந்தது.

தம்பி பிழைத்தான். கரையோரப் பாறையில் ஒண்டிக்கொண்டிருந்தான். அந்த வரி வந்தபோது ஹால்வோர் "அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு.

போடில் வாசலில் நின்று ரூனாவிடம் சொன்னார். "செயலி வாங்கறது இந்த வருஷம் வேண்டாம். அடுத்த புத்தகம் எதுனு சொல்லுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "கொஞ்சம் நீளமானதாவே பாருங்க," என்று சேர்த்துக்கொண்டார். உணர்ச்சி வசப்பட்டால் போடில் அந்த அளவுக்குத்தான் போவார்.

ரூனா கோட்டை எடுக்கக்கூட நிற்காமல் வெளியே ஓடினாள். ஹால்வோர் விமான நிலையம் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தான். மழை அவன் தோளில் கொட்டிக்கொண்டிருந்தது. நிழற்குடையின் கீழே போக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"அன்னிக்குக் கடையிலேயே ஏன் சொல்லல?" மூச்சு வாங்கினாள். "நான் உங்கள என்னவெல்லாம் நெனச்சேன் தெரியுமா? திமிர் பிடிச்சவன்னு..."

"நெனச்சுக்கங்கன்னு விட்டுட்டேன். அதுவே மேல்னு தோணுச்சு."

"எதுக்கு மேல்?"

அவன் சாலையைப் பார்த்தான். பஸ் இன்னும் வரவில்லை. தப்பிக்க வழியில்லை.

"மக்குங்கறதுக்கு. வேற யாரு முன்னாடினாலும் சொல்லியிருப்பேன். மேடையில எல்லாருக்கும் தெரியும். உங்க முன்னாடி முடியல. டிராம்ல அப்படிக் கோவமா நின்னீங்களே... அந்தக் கண்ணுல மட்டும் நான் மக்கா தெரியக்கூடாதுனு இருந்துச்சு. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. தெரியும். தெரியாதுனு வெச்சுக்கங்க."

ரூனாவின் கண்களில் தண்ணீர் நின்றது. மழை என்று சொல்லிக்கொள்ளலாம்; அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

"இன்னிக்கு அந்தக் கிளாஸ்ல உங்கள மாதிரி தைரியசாலி யாரும் இல்ல. நான் உள்பட," என்றாள்.

தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. ஹால்வோர் பையைத் தோளில் தூக்கினான். கீழே வைத்தான். மறுபடி தூக்கினான்.

"ரெண்டு வாரத்துல திரும்பிடுவேன். அப்ப... எனக்கு ஒழுங்கா படிக்கச் சொல்லிக் குடுப்பீங்களா? சாயங்காலத்துல? உங்களுக்கு நேரம் இருந்தா?"

"மாட்டேன்."

அவன் முகம் வாடிவிட்டது. "சரி. பரவால்ல. கேட்டிருக்கக் கூடாது..."

"பெரியவங்களுக்கு நகராட்சியில மாலை வகுப்பு இருக்கு. நல்ல டீச்சருங்க. நானே கூட்டிட்டுப் போய்ச் சேத்து விடறேன்."

"நீங்க ஏன் சொல்லிக் குடுக்க மாட்டீங்க?"

"ஸ்டூடண்ட்ட டீச்சர் காதலிக்கக் கூடாது. வேலை போயிடும்," என்றாள் ரூனா. "அதனால நீ வேற டீச்சர்கிட்டதான் படிக்கணும்."

அவன் அதை மனதுக்குள் ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டிப் படித்தான். வழக்கம் போல நேரம் எடுத்தது. பஸ் வந்து, கதவு திறந்து, டிரைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் அவன் முடித்துவிட்டான். சின்னப் பையன் மாதிரி வாய்விட்டுச் சிரித்து, நனைந்த கையால் அவள் நனைந்த கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஏறப் போறீங்களா இல்லையா?" என்றார் டிரைவர்.

"ஒரு நிமிஷம்ங்க," என்றாள் ரூனா. அந்த ஊரில் அதற்கு முன் பஸ்ஸை அப்படி நிறுத்தி வைத்தவர்கள் யாரும் கிடையாது.